இது எந்த ஊரு வோல்ட்டு?

இனிமேல் மோட்டார் போடுவதற்காக வயலுக்கு நடப்பதில்லை என்று மீரா சாகிப் முடிவெடுத்தது இராஜாங்கத்தின் டீக்கடை பெஞ்சில் வைத்து. அந்த பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. உலக நடப்பைப் பாதி அலசியிருக்கும்போதுதான், வயலுக்குக் கரண்டு வந்துவிட்டது என்று யாராவது வந்து சொல்வார்கள். மிச்ச உலகத்தை அப்படியே போட்டுவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஓட வேண்டும்.

போனில் மிஸ்டு கால் கொடுத்தால் தானே மோட்டாரைப் போடுகிற கருவி திருத்துறைப்பூண்டிக் கடைகளிலேயே கிடைக்கிறது. வாங்கிவிட வேண்டியதுதானே என்றார் இராஜாங்கம். சவூதி தம்மாமில் பன்னிரண்டு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று மீரா சாகிப் கோபித்துக்கொண்டார். தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப்போய், மூளை மாதிரி வேலை செய்யும் ஒரு போர்டு வாங்கிவந்தார். அதோடு இணைக்கிற சின்னப் போர்டை, சிம் கார்டு செருகுவதை, மச்சினன் பாசித் சார்ஜாவிலிருந்து கொடுத்தனுப்பினான். சாமானெல்லாம் சேர்ந்துவிட்டது. தடை ஒன்றே ஒன்றுதான், அது சமையலறையில் இருந்தது.

ஜஸீலா பொல்லாதவள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதான். சவூதியிலிருந்து வந்த புதிதில் மனைவிக்கென்று ஆசையாக ஒரு மிக்ஸி கொண்டுவந்தார் மீரா சாகிப். அது நூற்றுப்பத்து வோல்ட்டு மிக்ஸி. நம் வீட்டுக் கரண்டோ இருநூற்று முப்பது. போட்ட வேகத்தில் மூடி பறந்து, புதினாச் சட்னி சீலிங்குக்கு ஏறியது. மிக்ஸி புகையாகப் போனது. அந்தப் பச்சைக் கறை இன்னும் சீலிங்கில் இருக்கிறது. பின்னாலேயே இஸ்திரிப் பெட்டியும் அதே வழியில் போனதும் ஜஸீலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு சாமான் கருகினால் அவருடைய டூல்ஸ் பெட்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவாளாம். தம்மாமிலிருந்து அவரோடு விமானமேறி வந்த பெட்டி அது. அதைக் கையில் தூக்கினால்தான் ஊரில் அவர் எலக்ட்ரீசியன். இல்லாவிட்டால் வெறும் மீரா சாகிப்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பிரியாணி இறங்கிய தெம்பில் கூடத்தில் கடை பரப்பினார். ஜஸீலா வந்து இரண்டு போர்டையும் செல்போனில் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு வோல்ட்டு மச்சான்?"

"இது அஞ்சு வோல்ட்டு. நாக்குல வச்சா கூடத் தெரியாது. நானூத்து நாப்பதுல கை வச்சவன் நான்."

"பெருசுக்கு அஞ்சு. சின்னதுல மூணு புள்ளி மூணு தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"ரெண்டு கூட இல்ல, அதுவும் ஒரு வித்தியாசமா?"

ஜஸீலா அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அவள் சண்டை போடாமல் போனால் பயப்பட வேண்டும் என்பது கல்யாணமான வருஷமே அவருக்குத் தெரியும். அன்றைக்கு என்னவோ மறந்துவிட்டார்.

இரண்டையும் ஒயரால் இணைத்து, பிஸ்மி சொல்லி சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரியவில்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தார். சின்னப் போர்டும் எரியவில்லை, பெரிய போர்டும் எரியவில்லை. தலைக்கு மேலே பேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததால் கரண்டின் மேல் சந்தேகம் வர வழியில்லை. சின்னது போனதோடு பெரியதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. புகைகூட வராமல் இப்படி ஒரு சாவா! முதல் காரியமாக டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிக்க ஓடினார்.

"பெட்டிக்குக் காத்தாடவா மச்சான்?" வாசலில் ஜஸீலா நின்றாள்.

மீரா சாகிபுக்கு வாயில் வந்ததெல்லாம் தத்துவமாக வந்தது. யோசித்துப் பார்த்தால் இந்தக் கருவியெல்லாம் சோம்பேறிகளுக்குத்தான் என்றார். நடந்தால் உடம்புக்கு நல்லது, சர்க்கரை அண்டாது என்றார். விவசாயி என்றால் மண்ணை மிதிக்க வேண்டும் என்று சொன்னபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"அப்ப தெனமும் நீங்களே போயி மடை தொறந்து தண்ணி பாச்சுவீங்க?"

"சத்தியமா போவேன்."

"டீக்கடையில உக்காந்துட மாட்டீங்களே?"

"கூப்புட்ட கொரலுக்கு எந்திரிச்சு ஓடுவேன், போதுமா?"

ஜஸீலா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, கூடத்து பிளக்குக்கு உண்டான பியூஸ் கட்டை இருந்தது.

"பக்கத்து வீட்டுக்குப் போறப்பவே இதைப் புடுங்கிட்டுத்தான் போனேன். உங்க போர்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கரண்டு வருதான்னு டெஸ்டர் வச்சுப் பாக்க மாட்டீங்களா? நீங்க எலக்ட்ரீசியன்."

ஊரில் ஒருத்தனைப் பியூஸ் பிடுங்கிவிட்டார்கள் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். மீரா சாகிபுக்கு நிஜமாகவே பிடுங்கப்பட்டிருந்தது. அதற்காக அவர் வருத்தப்படவில்லை. போர்டு பிழைத்தது, பெட்டி பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சு நிறையச் சொல்லிவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நிம்மதி.

ஜஸீலா கடுகு டப்பாவிலிருந்து விரல் நுனியளவு போர்டு ஒன்றை எடுத்தாள். பாசித் அனுப்பிய பொட்டலத்தில் இருந்ததுதான். வேண்டாத சாமான் என்று மீரா சாகிப் குப்பையில் போட்டிருந்தார். அஞ்சை மூணாகக் குறைத்துக் கொடுக்க இதை நடுவில் வைக்க வேண்டும் என்று அவள் தம்பி பாசித்துக்குப் போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தாள்.

"எங்க அத்தாவுக்கும் அவரு மருமகனுக்கும் நடுவுல நான் இல்லையா? அது மாதிரிதான்."

நடுவில் அதை வைத்ததும் இரண்டு போர்டும் சமர்த்தாகக் கண் சிமிட்டின. கருவி யாருடைய நம்பருக்குக் கட்டுப்பட வேண்டும் என்று பதிய வேண்டிய இடத்தில் ஜஸீலா தன் நம்பரைச் சொன்னாள். மீரா சாகிப் அதையே பதிந்தார்.

இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கிறது. வயலுக்குக் கரண்டு வந்ததும் ஜஸீலா வீட்டிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், மோட்டார் ஓடும். இன்னொரு மிஸ்டு கால் கொடுப்பாள், டீக்கடையிலிருந்து மடை திறக்க மீரா சாகிப் ஓடுவார்.