நிப்பாட்டாதீங்க அண்ணனும் அழித்த வசனமும்

நிறுத்தித்தான் பழுதுபார்க்க வேண்டிய பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே கிடையாது என நம்பிய ஒரே மனிதர் எங்கள் மலையகத் தலவாக்கலையில்தான் கடை வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுக்கொண்டே செயின் துடைப்பார். அதில் மாட்டி, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் இரண்டு தடவை கிழிந்தது. அவருடைய கம்ப்யூட்டர் கடையில் யாராவது சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனால், "நிப்பாட்டாதீங்க!" என்று ஒரு சத்தம் வரும். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவரும் கோபம் வந்தால்தான் சொல்வார்.

ஓடுகிற கம்ப்யூட்டரின் நினைவகத்தைத் திறந்து பார்ப்பதுதான் அண்ணனின் வித்தை. கம்ப்யூட்டர் விளையாட்டில் மூன்று உயிர் இருந்தால், நினைவகத்தில் மூன்று என்று இருக்கும் இடங்களையெல்லாம் தேடிப் பிடிப்பார். பிறகு வேண்டுமென்றே ஓர் உயிரை விடுவார். எந்த இடம் இரண்டாக மாறியதோ, அங்கே தொண்ணூற்றொன்பது என்று எழுதிவிடுவார். ஒரு தடவை இடம் மாறி எழுதியதில், அத்தனை உயிரும் எதிரே நின்ற அரக்கனுக்குப் போய்விட்டது. விளையாட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா, அவனும் பாவந்தானே" என்றார் அண்ணன்.

நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நாடகம் பழக்கும் டீச்சர். ஹட்டனில் நாடகப் போட்டி வரவிருந்தது, பிரதி அனுப்பக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் எங்கள் பிள்ளைகள் போட்டியிலேயே இல்லை. காலையிலிருந்து அவர் கடையில் உட்கார்ந்து கடைசிக் காட்சி வரை தட்டிவிட்டேன், ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை. நான் தட்டிய பக்கம் மட்டும் திரையில் அப்படியே உறைந்துபோனது. என் கை சுவிட்சுக்குப் போனது.

"நிப்பாட்டாதீங்க டீச்சர்! எல்லாம் உள்ளதான் கெடக்கு. தேடுறதுக்கு ஒரு வசனம் சொல்லுங்க. வேற எவனும் எழுதாத வசனமா இருக்கணும்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். யோசிக்க யோசிக்க, என் வசனம் எல்லாமே எவனோ எழுதியதாகத்தான் பட்டது.

"ஒண்ணு இருந்துச்சுண்ணே. அதைக் காலையிலயே அழிச்சிட்டேன்."

"அழிச்சா போயிருமா? அது மேல வேறொண்ணு வந்து விழுற வரைக்கும் அங்கதான் கெடக்கும். சொல்லுங்க."

வெட்கத்தோடு சொன்னேன். தேயிலைச் செடிக்கடியில் ரத்தம் குடிக்கக் காத்திருக்கும் ஓர் அட்டை பேசும் வசனம் அது: "கங்காணி கால்ல மட்டும் ஏற மாட்டேன். எங்க சொந்தக்காரங்க ரத்தத்த நாங்க குடிக்கிறதில்ல!"

போட்டிக்கு வரும் பிரதம விருந்தினர் அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களை மேய்த்த ஒரு பெரிய கங்காணியின் பேரன். பயந்துதான் அழித்தேன்.

அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்ததில் கையிலிருந்த தேத்தண்ணி முழுக்க அவர் மடியில் கொட்டியது. கம்ப்யூட்டர் தப்பியதில் அவருக்குப் பரம சந்தோஷம். தேடினார், வசனம் அகப்பட்டது. அதன் அக்கம்பக்கத்திலேயே முழு நாடகமும் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் அள்ளிக் கொட்டக் கொட்ட, நான் வரிசைப்படுத்தினேன். அனுப்புமுன் அட்டையின் வசனத்தை மறுபடி அழிக்கப் போனேன்.

"அதை விடுங்க டீச்சர். இவ்வளவையும் கூட்டிக்கிட்டு வந்ததே அதுதானே?"

விட்டுவிட்டேன்.

மேடையில் அட்டை வாயைத் திறந்ததும் மண்டபமே அதிர்ந்தது. பிரதம விருந்தினரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தாத்தா ஞாபகம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் பரிசு டயகம பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போனது. எங்கள் பிள்ளைகளோ கப்பே கிடைத்ததுபோல பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்தார்கள்.

நான் எழுதியதைப் பாராட்ட அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். நான் பயந்து அழித்ததைத் தேடி எடுத்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கொள்ளைப் பிரியம்.