ஜான்ரோஸின் கட்டைக் குரல்

வாயை மட்டும் அசைத்து நீங்கள் பேர் வாங்கியதுண்டா? அஞ்சுகிராமத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த ஜான்ரோஸ் எட்டு வருஷம் வாங்கினான்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டுக்குழுவில் அவன் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அவன் பெண்டாட்டி இசபெல் உட்காருவாள். அவளுக்குக் கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரிக் குரல். பள்ளிக்கூடத்தில் "ஆம்பளத் தொண்ட" என்று சிரித்த நாளிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பாடுவாள். அவள் பாட, இவன் வாயசைப்பான்.

"ஜான்ரோசுக்க சத்தம் கேட்டியா? தூணு அதிருது!" என்பார்கள். அவன் இல்லை என்று சொன்னதில்லை.

1951 கிறிஸ்மசுக்குப் பாட்டு வாத்தியார் முத்துநாயகம் சொல்லிவிட்டார்: "ரெண்டாம் சரணம் ஜான்ரோஸ் மட்டும் தனியாப் பாடணும்."

வீட்டுக்கு ஓடிவந்தான். "ஏட்டி, மாட்டிக்கிட்டேன்."

"தொண்ட கட்டிட்டுன்னு சொல்லுங்க."

சொன்னான். வாத்தியார் சுக்கும் நல்லமிளகும் இடித்துக் கொண்டுவந்து, எதிரிலேயே உட்கார்ந்து குடிக்கவைத்தார். மூன்று நாளில், இருந்த கீச்சுக் குரலும் போய்விட்டது.

"அப்பம் நீ பாடு. நான் வாயத் தொறக்கேன்" என்று இசபெலிடம் கிசுகிசுத்தான்.

"தனியாவா? மாட்டேன்."

"ஊரு சிரிக்கும்டி. கடைக்கு ஒரு ஈ வராது."

"கருப்பட்டிக் கடைக்கு ஈ வராம இருக்குமா?" என்று சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து மனசு இளகினாள். "செரி, கண்ண மூடிக்கிட்டுப் பாடுதேன்."

கிறிஸ்மஸ் ஆராதனை. தொண்டை திறக்கட்டும் என்று வாத்தியார் கடைசியாக ஒரு சிட்டிகை நல்லமிளகுப் பொடியை ஜான்ரோஸ் நாக்கில் வைத்தார். சரணம் வந்தது. இவன் வாயைத் திறந்தான், குரல் எழும்பியது. பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

அப்போது தும்மல் வந்தது. ஒன்றல்ல, நாலு. நாலு தும்மலுக்கும் பாட்டு நிற்கவில்லை. இசபெல் சரணத்தை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். கோயில் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜான்ரோஸ் மூக்கைத் துடைத்தான்.

திரும்பும் வழியில் அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தான். அவளோ, முதல் தடவையாக, நடுரோட்டில் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தாள்.

"இனி கோயில்ல எனக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

மறுநாள் காலை, கோயில் மணியடிக்கிற சுந்தர்சிங் அரை ராத்தல் கருப்பட்டி வாங்க வந்தார்.

"வேய், பொம்பளைகள்ல ரொம்ப அடியில போற சத்தத்துக்கு கான்ட்ரால்டோன்னு பேராம். திருவனந்தபுரம் வரைக்கும் தேடினாலும் கிட்டாதுன்னு வாத்தியார் சொல்லுதாரு. நீரு கோவிச்சுக்கிட்டுக் குழுவ விட்டுப் போயிராதேயும். நீரு நின்னாத்தான அவ நேரெதிர வந்து உக்காருவா? அதுக்குத்தான வேய் உம்மள எட்டு வருஷமா வச்சிருக்கோம்!"