சாகாத செடியைச் சாகடித்தேன்

யாராலும் சாகடிக்க முடியாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன செடியை நான் மூன்று மாதம்கூட ஆகுமுன் சாகடித்தேன். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வெட்கப்படுகிறேனா என்றால், இல்லை. (வெட்கப்பட எனக்கு வேறு நூறு விஷயம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, கிருஷ்ணன்கோவில் வரை போய்த் திரும்பியவள் நான்.)

வீட்டுக்காரர் காலமான பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனியாக இருந்தேன். மகன் முருகேசனுக்கு ராஜபாளையத்தில் வேலை, வீடு எல்லாம். என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். எனக்கோ என் வீடு, என் அடுப்பு, என் தூக்கம். ஆனால் நேராக மறுத்துச் சொல்ல வாய் வராது. "பாப்போம்" என்பேன்.

ஒருநாள் வந்தவன் முற்றத்தில் காய்ந்து நின்ற துளசியைப் பார்த்துவிட்டான்.

"எம்மா, ஒரு துளசிக்குத் தண்ணி ஊத்த மறந்துட்ட. ஒன்னய நீ எப்பிடிப் பாத்துக்கிடுவ?"

"பாப்போம்" என்றேன்.

"சரி, ஒரு செடி வாங்கித் தாரேன். பொங்கல் வரைக்கும் நல்லா வச்சிருந்தேன்னா நீ இங்கனயே இரு. இல்லன்னா பெட்டியக் கட்டிரணும்."

மருமகள் கலாவுக்கு என் மேல் இரக்கம். ராஜபாளையத்து நர்சரிக்கு என்னையும் கூட்டிப்போய், இருப்பதிலேயே சுலபமான செடியைக் கேட்டாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். வாள் மாதிரி நிமிர்ந்த இலைகள், பாம்புத் தோல் போல வரி, ஓரத்தில் மஞ்சள் கரை.

"ஸ்நேக் பிளான்ட் ஆச்சி. எல அடியில அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கா? இப்பிடிப் பாத்துத்தான் வாங்கணும். வீட்டுக்குள்ள வெளிச்சம் கொஞ்சம் பட்டாப் போதும். மண்ணு நல்லாக் காஞ்ச பொறவு தண்ணி. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ஊத்துங்க. மறந்துட்டா இன்னும் நல்லது. இத யாராலயும் சாகடிக்க முடியாது!"

மறந்தால் எப்படி நல்லது என்று கேட்க நினைத்தேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டியின் அடியில் ஓட்டை. தரை பாழாகுமே என்று, ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் ஜாடிக்குச் செடியை மாற்றினேன். (கழுவித்தான்.)

அப்புறம் தண்ணீர். வீட்டுக்கு வந்த மனுஷருக்கே முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிறோம். ஒரு உயிரைப் பதினைந்து நாள் எப்படிக் காயப்போடுவது? துளசிப் பழி வேறு என் தலையில் இருந்தது. காலையில் அரிசி களைந்த தண்ணீர், மதியம் பால் பாத்திரம் அலசிய தண்ணீர், சாயங்காலம் குடிக்கிற தண்ணீர். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நான் குறைத்துக் குடித்தேன், அதற்குக் குறைக்கவில்லை. மார்கழிக் குளிருக்கு வெதுவெதுப்பாகவும் ஊற்றினேன்.

ஒரு இலை சாய்ந்தது. தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றினேன். அடுத்த இலையும் சாய்ந்தது. வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்தி இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நாறியது ஜாடி.

வேறு வழியில்லாமல் விளக்குமாற்றுக் குச்சிகளை முட்டுக் கொடுத்து, பச்சை நூலால் கட்டி இலைகளை நிறுத்தினேன். வீடியோ காலில் தூரத்தில் நின்று காட்டினேன்.

"அடேங்கப்பா, எம்புட்டு நிமுந்து நிக்கி!" என்றான் முருகேசன்.

பொங்கலும் வந்தது. மகன், மருமகளோடு கலாவின் அம்மாவும் வந்தார்கள், புதுப் பட்டுச் சேலையில். நான் தடுப்பதற்குள் சம்பந்தியம்மா செடிப் பக்கம் போய்விட்டார்கள்.

"மதினி, அழகாருக்கே!" என்று ஆசையாக ஒரு இலையைப் பிடித்தார்கள்.

இலை கையோடு வந்தது. குச்சியும் வந்தது. கொழகொழவென்று அடித்தண்டு பட்டுச் சேலையில் வழிந்தது. முருகேசன் ஓடிவந்து ஜாடியைத் தூக்கிச் சாய்த்தான்; அடியில் தேங்கியிருந்த அழுகல் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. சர்க்கரைப் பொங்கல் வாசனை இருந்த வீட்டில் அதற்கப்புறம் சாக்கடை வாசனைதான்.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"பெட்டியக் கட்டும்மா" என்றான் முருகேசன்.

அப்போது எனக்குள் எது புகுந்ததோ, தெரியாது. தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"வர மாட்டேம்லே! இது நான் பாக்காமயா செத்துச்சு? பாத்துப் பாத்துல்லா செத்துச்சு! சும்மா மூலையில விட்டிருந்தா நிண்டிருக்கும். என்னயும் அப்பிடியே விடு. கூட்டிட்டுப் போயி மூணு வேளையும் தண்ணி ஊத்தாத!"

முதலில் கலா சிரித்தாள். சம்பந்தியம்மா சேலையை உதறிக்கொண்டே, "மதினி சொல்லுதது சரிதான் மாப்ள" என்றார்கள். முருகேசன் ஜாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி, இரு" என்றான்.

இருக்கிறேன். இன்னும் என் வீட்டில்தான்.

அவன் மட்டும் திருந்தவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று ஒரு நாளைக்கு நாலு போன். நாலாவது போனில் பின்னாலிருந்து கலாவின் குரல் வரும்: "போதும், தண்ணி ஊத்தாதீங்க! அத்தை அழுகிருவாக!" உடனே வைத்துவிடுவான்.

சில நாள் அந்த நாலாவது போன் வராது. அன்றைக்குக் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காக நானாகக் கூப்பிடுவேனா? மாட்டேன்.