போதும் என்றால் இன்னொரு கரண்டி

மார்க்கையன்கோட்டை
12.7.2009

மரியாதைக்குரிய மச்சான் சண்முகராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கையை மணந்த பிச்சைமணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வயிறும் சுகம். பொட்டிப்புரத்தில் நீங்களும், உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி ஞானசெல்வியும், காது குத்திய பேரனும், கோபித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட என் சங்கிலியம்மாளும் சுகமாயிருக்க வீரபாண்டி ஆத்தாளை வேண்டுகிறேன்.

விஷயம் அவளைப் பற்றியதுதான். காதுகுத்துக்கு வந்த இடத்தில் நான் குறட்டை விட்டதும், இடையிடையே மூச்சு நின்றதும், அவள் விடிய விடிய என்னைத் தட்டிக்கொண்டிருந்ததும் நீங்கள் அறிந்ததே. காலையில், "மூச்சு நிக்காம இருக்க மூக்குல மாட்டுற மிஷினைப் போடாத மனுசனோட நான் வரல. தாலிக்குக் காவல் இருந்தே கண்ணு பூத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டாள். பதினெட்டு நாளாயிற்று.

மச்சான், நான் தின்று கொழுத்தவன் என்று அங்கே பேச்சு நடப்பதாகக் கேள்வி. அது மருத்துவப்படி தவறு. மிஷினை எழுதிக்கொடுத்த மதுரை டாக்டர் இம்மானுவேல் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். 'பசிக்குது' என்று சொல்ல உடம்பில் ஒரு ஹார்மோன், 'போதும்' என்று சொல்ல ஒரு ஹார்மோன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் முதலாவது கூடுதலாகக் கூவுமாம். "ரெண்டாவதும் உங்களுக்கு ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆனா உடம்பு அதைக் காதுல வாங்கல" என்றார். வாங்காததால் வயிற்றிலும் கழுத்திலும் கொழுப்பு. கழுத்துக் கொழுப்பு அமுக்கி மறுபடியும் மூச்சு நிற்கிறது. "நம்ம பக்கம் போதும்னு சொன்னா யாரு நிறுத்துனாக, டாக்டர்?" என்று கேட்டேன். உங்கள் வீட்டுப் பந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். போதும் என்று மூன்று முறை சொன்னேன். இலைக்குக் குறுக்கே கையை வைத்தேன். "அண்ணன் வெக்கப்படுறாக" என்று தங்கச்சி விரலிடுக்கு வழியாகவே குழம்பை ஊற்றியது. இலையை மடக்கினேன், நீங்களே வந்து, "என்ன மாப்ள, மரியாதை கொறஞ்சு போச்சா?" என்று அதை விரித்து நல்லி எலும்பு வைத்தீர்கள். போதும் என்றால் இன்னொரு கரண்டி என்று ஐம்பத்தெட்டு வருஷமாகப் பழகிய உடம்பு, ஹார்மோன் சொன்னால் மட்டும் நம்பிவிடுமா?

இருந்தாலும் திருந்திவிட்டேன். பதினெட்டு நாளும் தவறாமல் மிஷின் மாட்டியே படுக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவாசி, "சத்தத்தையே காணமே, ஊருக்குப் போயிருந்தீகளா?" என்று விசாரிக்கிறார். பசி அடங்கிவிட்டது. வேட்டி ஒரு சுற்று கூடுதலாக வருகிறது. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிடவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், பேரனின் புதுக் கடுக்கனுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
பிச்சைமணி

பின்குறிப்பு: மேற்படி மிஷினின் முகமூடியும் குழாயும் உங்கள் வீட்டுப் பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கின்றன. தும்பிக்கை வைத்த மாப்பிள்ளை என்று உங்கள் பங்காளிகள் சிரிப்பார்களே என்று நான்தான் ஒளித்து வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். கேட்கவும் வெட்கம். வேட்டி தளர்ந்தது அவள் சமையல் இல்லாததால். பசி கூவிக்கொண்டேதான் இருக்கிறது. மூச்சு நின்றால் தட்டுவதற்கு ஆளில்லாததால் படுக்கப் பயந்து, நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைக்கிறேன். தூங்கினால்தானே குறட்டை. முகமூடியைப் பார்சலில் அனுப்ப வேண்டாம் மச்சான், அவள் கையில் கொடுத்தனுப்பவும்.