வாசலில் நாலு ஜோடிச் செருப்பு

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
புதன்கிழமை

மதிப்பிற்குரிய அத்திம்பேர் சுப்ரமணியன் அவர்களுக்கு, அனந்தகிருஷ்ணன் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியம் என்பதை அக்கா நேற்று போனில் நாற்பது நிமிடம் விவரித்தாள்.

எங்கள் வீட்டு வாசலில் பதினாறு வருஷமாக இருந்துவரும் செருப்பு ஸ்டாண்டைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுவதென்று இன்று காலை பதினொன்று இருபதுக்கு ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறோம். இது மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு எடுத்த முடிவு. என் சகதர்மிணி பட்டு முதலில் எதிர்த்தாள். பிறகு நடந்ததை நினைத்துப் பார்த்து விட்டுக்கொடுத்தாள். அந்தப் பின்னணி தெரிந்தால்தான், திருச்சிக் கல்லூரி வேலையை மிருதுளாவுக்காகத் தாங்கள் இன்னும் பத்து நாள் ஏன் பிடித்துவைக்க வேண்டும் என்பது விளங்கும்.

மிருதுளாவின் ஆராய்ச்சிக்கு இது ஆறாவது வருஷம். தொண்ணூறு வருஷத்துக்கு முன் செங்கல்பட்டு ஜில்லா ஜனங்கள் கலெக்டருக்கு எழுதிய மனுக்களை அவள் படிக்கிறாள். மே மாதத்தோடு உதவித்தொகை நின்றுவிடும். இந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு வைத்து, சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்குகிற எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்காது, ஆகவே வேறு வேலைகளில் இருப்பவர்களைத் தேடிப்போய் அரைமணி நேரம் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவளும் இரண்டு பேரைக் கண்டுபிடித்து, தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஒரு காபிக் கடையில் சந்திக்கப் போகிறேன் என்றாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளைக் கடையில் வைத்துப் பார்ப்பதாவது, வீட்டுக்கு வரச்சொல் என்றேன். "சரி, நீங்களே கூப்பிடுங்கோ" என்று நம்பரைக் கொடுத்துவிட்டாள். டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு ஒரு செய்தி எழுதத் தெரியாதா? "எங்கள் பெண் சௌ. மிருதுளா தங்களைச் சந்தித்துப் பேச விரும்புகிறாள். ஞாயிறு மாலை நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் வரவும். பெரியவர்களுடன் வந்தால் மிகவும் சந்தோஷம்" என்று இருவருக்கும் அனுப்பினேன். பட்டு கேசரியும் பஜ்ஜியும் செய்தாள். இதில் என்ன பிழை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மூன்று மணிக்கு ஆல்வின் வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்களின் குறை கேட்கும் அதிகாரி, தத்துவம் படித்தவர். கூடவே ஒரு பெண்மணி. "என் ஒய்ஃப் தீபலட்சுமி, சார். உங்க மெசேஜப் படிச்சிட்டு, நானும் வரேன்னு கிளம்பிட்டா" என்றார். அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்து கடைசிவரை கேசரியைத் தொடவில்லை. மூன்றரைக்கு நாவலூரிலிருந்து கிரீஷ் வந்தார். ஒரு சாப்ட்வேர் கம்பெனியில், வாடிக்கையாளர் எதற்காகக் கோபப்படுகிறார் என்று விசாரித்து எழுதுகிற வேலை. அவர் தன் அம்மா அபிதகுஜாம்பாளை அழைத்து வந்திருந்தார். மாமி கையில் மல்லிகைப்பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் தடவிய கவரில் ஜாதகம்.

வாசல் பெருக்க வந்த எல்லம்மா நாலு ஜோடிச் செருப்பையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரே நாள்ல ரெண்டு மாப்ளையா? ஒர்த்தரு பொண்டாட்டிய வேற கூட்டிகினு வந்துகீறாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள். எதிர்வீட்டு சவுரிமுத்து சார் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். செருப்பு ஸ்டாண்டின் விதி அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

மிருதுளா காபித் தட்டுடன் வரவில்லை, நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். ஆல்வினிடம் கேள்விகளை முடித்துவிட்டு கிரீஷ் பக்கம் திரும்பி, "உங்க வேலைல எது ரொம்ப போர்? எப்பவாவது விட்டுட்டுப் போயிடலாம்னு தோணியிருக்கா?" என்றாள். "நன்னா விசாரிக்கறாளே" என்று மாமி மெச்சிக்கொண்டாள். பிறகு, "ஒரு பாட்டு பாடேன், கேக்கறேன்" என்றாள். "பாட்டு வராது மாமி, மனு வேணா படிக்கறேன்" என்று இவள் உள்ளே போய் மனுக் கட்டு ஒன்றை எடுத்து வந்து, வண்டலூர்க்காரர் ஒருவர் பக்கத்து வீட்டு எருமையைப் பற்றி எழுதிய ஒன்பது பக்க மனுவைப் படித்தாள். முதல் எட்டுப் பக்கமும் எருமை. ஒன்பதாம் பக்கத்தில், தன் அண்ணன் தன்னோடு பேசுவதில்லை, கலெக்டர் சொன்னால் பேசுவான் என்று இருந்தது.

"எல்லா மனுவும் இப்படித்தான். நிஜமா என்ன வேணுங்கறது கடைசிலதான் வரும். அதைக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை" என்றாள்.

கிரீஷ் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இதைத்தாங்க நாங்க எட்டு பேர் சேர்ந்து பண்றோம். ஒருத்தரும் ஒன்பதாம் பக்கம் வரைக்கும் போனதில்ல. இன்னொண்ணு படிங்களேன்" என்றார். அதற்குள் ராகுகாலம் வந்துவிட்டதால் மாமி எழுந்திருக்க மறுத்துவிட்டாள். ஆறு மணி வரை பதினோரு மனுக்கள் படிக்கப்பட்டன. தீபலட்சுமிகூட மூன்றாவது மனுவில் கேசரி சாப்பிட ஆரம்பித்தாள்.

ஜாதகம் எட்டுப் பொருத்தம். ஆனால் மிருதுளா, அது வேறு விஷயம், தனக்கு வேலைதான் வேண்டும் என்றாள். கிரீஷும், "எனக்கும் வேற ஒண்ணு வேணும் அங்கிள்" என்று சொல்லி, அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியின் நம்பரை வாங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே அத்திம்பேர், திருச்சி வேலையைக் கைவிட்டுவிடாதீர்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதானே, அங்கே போனால் நானே கலெக்டருக்கு மனு எழுத ஆரம்பித்துவிடுவேன் என்கிறாள் இவள். நான் வழிக்குக் கொண்டுவருகிறேன். வாத்தியார் வேலை தவிர டாக்டர் பட்டத்துக்கு வேறு வேலை உலகத்தில் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள், தங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
அனந்தகிருஷ்ணன்

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி பட்டுவிடம் கொடுத்த இந்தக் கடிதம் நாலு மாதமாகக் காய்கறிப் பையின் அடியில் இருந்திருக்கிறது. இடையில் தாங்கள் போனில் கேட்டபோதெல்லாம் "விவரம் கடிதத்தில்" என்று நான் சொன்னது இதைத்தான். மேலே எழுதியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். கொல்லையில் மழைத்தண்ணீர் நின்றதால் செருப்பு ஸ்டாண்டு மறுபடி வாசலுக்கே வந்துவிட்டது. கிரீஷ் வேலையை விட்டுவிட்டு, மிருதுளாவின் வழிகாட்டியிடமே சரித்திர ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் காலி செய்த இடத்தில் மிருதுளா போன திங்கட்கிழமை சேர்ந்தாள். அபிதகுஜாம்பாள் மாமி எங்கள் போனை எடுப்பதில்லை.