சுவரில் நடந்த வெள்ளரி விதை

ஒரு புழு என்ன தின்னும் என்பதை யாராவது கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்டாலும் சொல்லக்கூடாத இடம் ஒன்று உண்டு: பெண் பார்க்கப் போன வீடு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விலங்கியல். (மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன் என்று எங்கள் தெரு மூன்று வருடம் நம்பியது. நானும் மறுக்கவில்லை.) செய்யூரில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "வாய மூடிக்கினு குந்திகினு இருக்காத. படிச்ச புள்ளன்னு தெரியற மாரி ரெண்டு வார்த்த பேசு."

பெண் வீடு புதுப்பட்டினத்தில். பெண்ணின் அப்பா கல்பாக்கத்தில் டெக்னீஷியன். காப்பித் தட்டோடு வந்த பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் அமைய வேண்டுமே என்று வாயில் கேசரியோடு வேண்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, அவள் அப்பாவின் தலைக்கு மேலே, சுவரில் சாம்பல் நிற வெள்ளரி விதை ஒன்று நகர்ந்தது.

"இன்னா தம்பி, செவுத்தையே பாத்துகினு கீறீங்க?" என்றார் அவர்.

படித்த பிள்ளை என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? எழுந்தே நின்றுவிட்டேன்.

"அது ஒரு சின்ன அந்துப்பூச்சியோட புழு சார். மண்ணு, தூசியெல்லாம் நூலால ஒட்டி உறை கட்டிக்கும். ரெண்டு பக்கமும் வாசல். எந்தப் பக்கம் வேணா தலைய நீட்டும்."

"வாயில்லா ஜீவன்," என்றார் பெண்ணின் அம்மா. "இன்னாத்த துன்னும், பாவம்?"

(வாய் இருந்தது. அதுதான் பிரச்சினை.)

"ஒட்டடைமா. அப்புறம் உதிர்ந்த முடி, செத்த பூச்சி. தீனி கம்மியா இருந்தா இவ்ளோ பெருசா வளராது. உங்க வூட்ல நல்லா போஷாக்கா கீது."

அந்த அம்மாள் மெதுவாக அண்ணாந்து மூலையைப் பார்த்தார். பெண் தன் பின்னலை இறுகப் பிடித்துக்கொண்டாள். சமாளிக்க வேண்டுமே என்று, "எங்க வூட்ல இத்தவிட ஜாஸ்தி. பீரோவ நவுத்தினா முப்பது நாப்பது தேறும்," என்றேன். என் அம்மா என் காலை மிதித்தார்.

வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார்தான் 'ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்' என்பார்கள். அன்று பெண்ணின் அப்பாவே எழுந்து கைகூப்பினார்.

"சந்தோசம் தம்பி. ஒட்டட அடிச்சிட்டு சொல்றோம்."

இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒட்டடை அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அம்மாவிடம் கேட்கவும் கேட்டேன்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதற்கும் 'முடியாது' என்று சொல்வதில்லை. நேற்றுகூட மனைவியிடம் இன்னொரு தோசை கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஒட்டட அடிச்சிட்டு சொல்றேன்," என்று அடுப்பை அணைத்துவிட்டாள்.