நடுக்கோட்டைத் தாண்டாத வினோஜன்

கந்தப்பளை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கஸ்பர் அண்ணனுக்கு,

தங்கை யூஜினா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் நீர்கொழும்பு வெயிலில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் மழையும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் கல்லூரி அதிபர் உங்களோடு படித்தவர்தானே? அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, கால்பந்து அணியின் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள்.

விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு, அடுத்த பொறுப்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டம் நடந்த நேரத்தில் நான் ஆய்வுகூடத்தில் ஒழுகிய குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பேராதனையில் இரசாயனம் படித்தவளுக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "ரூல்ஸ் எல்லாம் போன்லயே இருக்கு மிஸ், வாசிச்சுப் பாருங்க" என்றார் அதிபர். வாசித்தேன். ஓஃப்சைட் இன்றுவரை விளங்கவில்லை.

முதல் ஆட்டம் கொத்மலையில். அதற்கு முந்திய வாரம் முழுக்க மழை. துவைத்த ஜேர்சிகள் காயவேயில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சொல்லி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். காய்ந்தன, தேயிலைத் தூள் வாசத்தோடு. கோல் காவலன் திலக்ஷனின் ஜேர்சி மட்டும் அதிகச் சூடு பட்டுச் சுருங்கிப்போனது. கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது. வேலியோரம் பெண்பிள்ளைகள் நின்றதால் அவன் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. உயரமாக வந்த பந்தெல்லாம் உள்ளே போயிற்று. அடுத்த ஆட்டத்தில் எங்களிடம் இருந்த ஒரே பந்து தேயிலை மலைக்குள் உருண்டு காணாமல் போய், மறுநாள் கொழுந்து நிறுக்கும்போது ஒரு அம்மாவின் கூடைக்குள்ளிருந்து வந்தது. எங்களிடம் பந்து இல்லாததால் வெற்றி மற்றவர்களுக்கு. இதற்கெல்லாம் மேலே, எங்கள் சிறந்த ஆட்டக்காரன் வினோஜன். பந்து எங்கே போனாலும் பின்னால் ஓடுவான். எதிராளியிடம் பறிப்பதைவிட நம்முடைய பிள்ளைகளிடம் பறிப்பதே அதிகம். அரைமணி நேரத்தில் நாக்குத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்துவிடுவான்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அதிபர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இதுலயும் தோத்தா டீமைக் கலைச்சிடுவோம் மிஸ். ஜேர்சியை பேண்ட் குழுவுக்குக் குடுத்திடலாம்." எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி இருக்கவில்லை. அது ஏன் என்று நான் ஆராயவில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் வினோஜன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றான்.

"மிஸ், அம்மன் கோயில்ல காப்புக் கட்டிட்டேன். திருவிழா முடியிற வரைக்கும் எங்க தோட்டத்து டிவிஷன் எல்லையத் தாண்டக் கூடாது."

"நாளைக்கு மேட்ச் நம்ம கிரவுண்ட்லதானே? எங்கயும் போகத் தேவையில்லையே."

"அதுதான் மிஸ். எல்லை நடுக் கிரவுண்ட்ல போவுது."

போய்ப் பார்த்தேன். நடுக்கோட்டுக்கு நேராக, மைதானத்தின் ஓரத்தில் ஒரு கல் நிற்கிறது. இந்தப் பக்கம் வினோஜன் குடியிருக்கும் மேல் டிவிஷன், அந்தப் பக்கம் கீழ் டிவிஷன் என்றார்கள். அவனுடைய தாய் காளியாயியிடம் பேசிப் பார்க்கலாம் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். "டீச்சரம்மா, அந்தக் கல்லத் தாண்டி இவன் ஒரு கால வச்சு, ஊருக்கு அம்ம கண்டுச்சுன்னா, நீங்க படிச்ச படிப்பு வந்து வேப்பிலை அடிக்குமா?" என்று கேட்டார். வேதக்காரி நான் அம்மனோடு வழக்காடப் போகவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே அண்ணா, பாதி மைதானத்து ஆட்டக்காரனோடு இறங்கினோம். முதல் பாதியில் எதிரணியின் கோல் மேல் டிவிஷனில் இருந்தது. வினோஜன் அந்தக் கோல் பக்கமே தனியாக நின்று, "கொண்டாங்கடா! இங்க கொண்டாங்கடா!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் வந்து பறிக்க முடியாததால் மற்றப் பிள்ளைகள் இந்த ஆண்டில் முதன்முறையாகப் பந்தைத் தொட்டார்கள். ஒருவன் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டான். களைக்காத காலால் வினோஜன் அடித்தான். கோல்! இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் அவன் எங்கள் கோலுக்கு முன்னால் காவல். அப்படியும் ஒன்று உள்ளே போய் சமமானது. ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான், பின்னால் மூன்று பேர். நடுக்கோடு வந்ததும் பிரேக் பிடித்த பஸ் மாதிரி நின்றான். துரத்தியவர்கள் நிற்க முடியாமல் கீழ் டிவிஷனுக்குள் போய் விழுந்தார்கள். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மொகத மிஸ் மே?" என்று சிங்களத்தில் கேட்டு என்னைப் பார்க்கிறார். என்ன இது என்று எனக்கு மட்டும் தெரியுமா? மேட்டிலிருந்து காளியாயி, "டேய், காலு! காலப் பாருடா!" என்று அலறுகிறார். எதிரணிக் கோல் காவலன் வேடிக்கை பார்க்க முன்னால் வந்து இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வினோஜன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து அந்தக் கோல் காவலனின் தலைக்கு மேலே போய், ஒரு தடவை குத்தி, வலைக்குள் விழுந்தது.

நான் கத்தினேன் என்று லயமெல்லாம் பேச்சு. கத்தவில்லை, சற்று உரக்க மூச்சு விட்டேன். என் குடை உடைந்தது காற்றில்தான். காளியாயியைக் கட்டிப்பிடித்ததாகச் சொல்வதும் மிகை. சறுக்கும் மேட்டில் யாரையாவது பிடிக்கத்தானே வேண்டும்? தொண்டை கட்டியிருப்பதால் நாளை பாடங்களைக் கரும்பலகையில் எழுதியே நடத்தப்போகிறேன்.

இந்த வயதில் இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஆகவே மறக்காமல் அதிபரிடம் பேசுங்கள். அண்ணிக்கு என் அன்பு. மாதா உங்கள் இருவரையும் முழங்கால் வலியின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு,
யூஜினா

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரிக்கிறேன். கோயில் தலைவர் அழகன் இப்போதுதான் வந்து போனார். டிவிஷன் எல்லை மைதானத்துக்கு அப்பால் ஓடும் ஓடையாம். அந்தக் கல், முன்பு கொழுந்தை நிறுத்துப் பார்த்த மடுவக் கொட்டகையின் தூணில் மிஞ்சிய துண்டாம். "பையன் தாராளமா முழு கிரவுண்ட்லயும் ஓடலாமுங்க டீச்சர். அவங்க வீட்ல சொல்லிடவா?" என்றார். நாங்கள் வென்றதைக் கேள்விப்பட்டு, வரும் சனிக்கிழமை நானுஓயாப் பக்கத்து அணியொன்று இங்கே விளையாட வருகிறது. அவரை உட்காரவைத்து, தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்து, திருவிழா முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதிபரிடம் நீங்களும் எதையும் பேசிவைக்காதீர்கள்.